பேய் எப்பவும் பக்கத்து ஊர்லேருந்துதான் வரும்: 'சந்திரமுகி 2' பத்தி ஒரு லேட்டான பேச்சு

இன்னைக்கு ஒரு பழைய சண்டையைத் தூசி தட்டி எடுக்கப் போறேன். 2023 செப்டம்பர் 28-ஆம் தேதி 'சந்திரமுகி 2' வந்துச்சு. வந்த அன்னைக்கே ரசிகர்கள் மூணு நாலு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கிட்டாங்க. "எங்க சின்ன வயசைக் கெடுத்துட்டாங்க"ன்னு ஒரு குரூப். "குடும்பத்தோட போனோம், சிரிச்சோம், வந்தோம், உங்களுக்கு என்னப்பா பிரச்சனை"ன்னு இன்னொரு குரூப். படமே பார்க்காம மீம் மட்டும் போட்ட குரூப்தான் எல்லாத்தையும் விடப் பெருசு.

அப்பவே ஏன் இதைப் பேசலைன்னு கேட்பீங்க. சூடா இருக்கும்போது பேசினா நானும் ஒரு கட்சியில சேர்ந்திருப்பேன். இப்ப ஆறிருச்சு. இப்ப கேட்க வேண்டிய கேள்வி, படம் நல்லாருக்கா இல்லையாங்கிறது இல்ல. நமக்கு ஏன் அவ்ளோ கோபம் வந்துச்சு? அந்தக் கோபத்துல எவ்வளவு நியாயம்?

முதல்ல ஒரு விஷயம். போஸ்டர்ல '2'ன்னு போட்டிருந்தாலும், இதை நான் ரீபூட்னுதான் சொல்லுவேன். இரண்டாம் பாகம்னா பழைய ஆளுங்களோட கதை தொடரணும். இதுல சரவணன் கிடையாது, கங்கா கிடையாது, செந்தில் கிடையாது. குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு புதுக் குடும்பம் அதே வேட்டையபுரம் அரண்மனையில தங்குது. அங்கேயும் போகக்கூடாத ஒரு இடம், அதே மாதிரி ஒரு பொண்ணு மாறிப் போறா. பழைய ஆள்ல மனசுல நிக்கிற மாதிரி திரும்பி வந்தது வடிவேலுவோட முருகேசன் மட்டும்தான். கிட்டத்தட்ட அதே கதையை ஆளுங்களை மாத்தி இன்னொரு தடவை ஓட்டியிருக்காங்க.

ரீபூட்ங்கிறதே நம்ம ஃபீல்டுலேருந்து சினிமாவுக்குப் போன வார்த்தைதான். மெஷினை அணைச்சுத் திரும்பப் போட்டா மெமரியில இருந்தது அழிஞ்சிரும். டிஸ்க்ல இருக்கிறது அப்படியே இருக்கும். ஒரு சினிமாவுல எது மெமரி, எது டிஸ்க்? சண்டை மொத்தமும் இதுலதான் இருக்குன்னு எனக்குத் தோணுது.

மேகமலையில ஒரு ராத்திரி

எங்க ஊர்க்காரனுங்க அஞ்சு பேர் வருஷத்துக்கு ஒரு தடவை மேகமலையில சேர்றது வழக்கம். சின்னமனூர்லேருந்து ஏறணும். தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டினா 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூவோட பேரு. மேல போனதும் தேயிலை, மேகம், டேமுத் தண்ணி. போன்ல சிக்னல் வரும், போகும். சிக்னல் இல்லாத ராத்திரியில சினிமாச் சண்டையை விட்டா வேற என்ன இருக்கு?

எங்கள்ல ஒருத்தன் அந்த எஸ்டேட்டுலேயே பிறந்தவன். லயன் வீட்டுல வளர்ந்து, படிக்கிறதுக்காகக் கீழ வந்து சின்னமனூர் ஹாஸ்டல்ல தங்கினவன். எங்களுக்கெல்லாம் 'சந்திரமுகி' தெருமுனை தியேட்டர் படம். 2005 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு ரிலீஸ். அதே நாள்ல கமலோட 'மும்பை எக்ஸ்பிரஸ்', விஜய்யோட 'சச்சின்'. 'பாபா' ஓடாம மூணு வருஷம் கழிச்சு வர்ற ரஜினி படம்ங்கிறதால ஊரே திருவிழா மாதிரி இருந்துச்சு. நான் அப்ப மூணாவது படிக்கிறேன். சென்னையில சாந்தி தியேட்டர்ல அந்தப் படம் 800 நாளைத் தாண்டி ஓடுச்சு.

அவன் கதை வேற. "மாப்ள, உங்களுக்கு அது படம். எனக்கு அது பயணம்டா"ன்னான். ஒரு படம் பார்க்கணும்னா காலையில பஸ் பிடிச்சு எறங்கணும். அப்ப ரோடு அவ்ளோ மோசம், போக வரவே பாதி நாள் போயிரும். சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டா அன்னைக்குக் கீழதான் படுக்கை. வர்ற வழியில யானை நின்னா அது நகர்ற வரைக்கும் பஸ்ஸும் நிக்கும். அவங்க அப்பா எஸ்டேட்டுல லீவு சொல்லி, அம்மா புளிச்சோறு கட்டி, அவனையும் அக்காவையும் கூட்டிட்டு எறங்கிப் பார்த்த முதல் தியேட்டர் படம் 'சந்திரமுகி'. ராத்திரி திரும்பி வரும்போது பஸ்ஸுக்கு வெளிய ஒரே இருட்டு. அப்பாவோட வேட்டியைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடினவன் வீடு வந்துதான் திறந்தானாம்.

"இப்ப எவனோ வந்து சந்திரமுகி 2-ங்கிறான். எனக்கு அந்த பஸ்ஸு ஞாபகம் வருமா? வராதுல்ல? அப்புறம் அது எப்படிடா சந்திரமுகி?"

கேட்டீங்களா, அவன் படத்தை விமர்சனமே பண்ணலை. அவன் தேடுறது அந்த பஸ்ஸை. எந்த டைரக்டராலயும் அதைத் திருப்பித் தர முடியாது. நாம "சின்ன வயசைக் கெடுத்துட்டாங்க"ன்னு சொல்றப்போ பாதி நேரம் இந்த மாதிரி படத்துக்கு வெளிய இருக்கிற ஒண்ணைத்தான் சொல்றோம். அது உண்மையான வலி. ஆனா அந்தக் கணக்கைப் படத்து மேல எழுத முடியாது.

அதே ராத்திரி கூட இருந்த இன்னொருத்தனோட தம்பி, காலேஜ் படிக்கிற பய, சிரிச்சிட்டுச் சொன்னான்: "அண்ணே, உங்களுக்குச் சந்திரமுகி எப்படியோ எங்களுக்குக் காஞ்சனா அப்படி. பேய்ப் படத்துல லாரன்ஸ் மாஸ்டர் வந்தா எங்களுக்கு அதுதான் நார்மல்."

அங்கதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சது. 2007-ல 'முனி', 2011-ல 'காஞ்சனா', 2015-ல 'காஞ்சனா 2', 2019-ல 'காஞ்சனா 3'. எங்களுக்குப் பத்து வருஷம் பின்னால பிறந்தவனுக்குப் பேய்ப் படம்னா பயந்து அம்மா இடுப்புல ஏறிக்கிற லாரன்ஸ்தான். ஆக, 'சந்திரமுகி 2'ங்கிறது ரெண்டு தலைமுறையோட சின்ன வயசை ஒரே அரண்மனைக்குள்ள குடி வச்ச படம். ஒரு பக்கம் எங்க சந்திரமுகி, இன்னொரு பக்கம் அவங்க காஞ்சனா. ஒரே சீனுக்கு எங்களுக்கு எரிச்சலும் அவனுக்குச் சிரிப்பும் வந்ததுல ஆச்சரியமே இல்ல.

அத்தை 2005-லயே சொன்ன விமர்சனம்

இப்ப எங்க அத்தை கதைக்கு வர்றேன்.

கம்பம் பள்ளத்தாக்கைத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்களுக்குக் கேரளா வேற மாநிலம் மட்டும் இல்ல, வேலைக்குப் போற இடம். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு, மூணு வழியிலயும் விடியக்காலையில ஜீப் ஏறும். ஏலக்காய்த் தோட்டத்துல வேலை பார்த்துட்டு சாயங்காலம் இறங்கும். சில பேர் அங்கேயே தோட்டத்துல தங்கிருவாங்க. எங்க அத்தை கல்யாணத்துக்கு முன்னால வண்டன்மேடு பக்கம் தங்கி வேலை பார்த்தவங்க. மலையாளம் தண்ணியாப் பேசுவாங்க.

2005-ல நாங்க எல்லாரும் 'சந்திரமுகி' பார்த்துட்டு வந்து வீட்டுல கத்திக்கிட்டு இருக்கோம். நான் துண்டை முதுகுல போட்டுக்கிட்டு "லகலகலக"ன்னு ஓடிட்டு இருக்கேன். அத்தை அரிசி புடைச்சுக்கிட்டே ஒரே வார்த்தையில முடிச்சாங்க: "இது நான் எப்பவோ பார்த்த படம்டா. அந்தப் பிள்ளை ஷோபனா மாதிரி இவளுக்கு வரலை."

எங்களுக்குக் கோபம்னா கோபம். ரஜினி படத்தைப் போய் ஏற்கனவே வந்த படம்னு சொல்றாங்களேன்னு. ஆனா அத்தை சொன்னது சுத்தமான உண்மை. 1993 டிசம்பர்ல வந்த 'மணிச்சித்ரத்தாழு'தான் மூலம். மது முட்டம் எழுதி, ஃபாசில் இயக்கினது. டாக்டர் சன்னியா மோகன்லால், கங்காவா ஷோபனா. ஷோபனாவுக்கு அதுல தேசிய விருது கிடைச்சது. அதைக் கன்னடத்துல 2004-ல பி. வாசு 'ஆப்தமித்ரா'ன்னு எடுத்தார், விஷ்ணுவர்தனும் சௌந்தர்யாவும் நடிச்சாங்க. அடுத்த வருஷம் அதே வாசு தமிழ்ல 'சந்திரமுகி' எடுத்தார். 2007-ல பிரியதர்ஷன் இந்தியில 'பூல் புலையா' எடுத்தார். அந்தப் பிரியதர்ஷன், 'மணிச்சித்ரத்தாழு'லயே செகண்ட் யூனிட் டைரக்டரா வேலை பார்த்தவர்.

அதாவது நாம ஒரிஜினல்னு கும்பிடுற படமே ஒரு காப்பியோட காப்பி. 2005-ல அத்தைக்கு 'சந்திரமுகி' என்னவா இருந்துச்சோ, 2023-ல நமக்கு 'சந்திரமுகி 2' அதுவாத்தான் இருந்துச்சு. "அவளை மாதிரி இவளுக்கு வரலை"ன்னு அத்தை அன்னைக்குச் சொன்னதைத்தான் நாம கங்கனாவைப் பார்த்துச் சொன்னோம். இதுல ஒரு நல்ல விஷயம், ஜோதிகா பண்ணதை எட்டவே முடியாதுன்னு கங்கனாவே ரிலீஸுக்கு முன்னால வெளிப்படையாச் சொல்லிட்டாங்க.

அதனால ரசிகர்களோட முதல் புகார், "பழைய ஆள் மாதிரி இல்ல"ங்கிறது, அத்தை முன்னால நிக்காது. நீ எந்த வயசுல எதை முதல்ல பார்த்தியோ அதுதான் உனக்கு ஒரிஜினல். அது காலண்டர் விஷயம், தரத்தைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது.

அந்த நாட்டியக்காரி எந்த ஊரு?

அத்தை சொன்னதுக்கு அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு, காலேஜ் ஹாஸ்டல்ல, நான் 'மணிச்சித்ரத்தாழு' பார்த்தேன். கிளைமாக்ஸ்ல தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா அந்தப் பேய் தமிழ் பேசுது.

ஆமா. மலையாளப் படத்துல நாகவல்லி தஞ்சாவூர்லேருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நாட்டியக்காரி. மத்த நேரம் மலையாளம் பேசுற கங்கா, நாகவல்லியா மாறினதும் தமிழுக்குத் தாவுறா. கங்காவுக்கு பாக்யலட்சுமி குரல், நாகவல்லியோட தமிழுக்கு துர்கான்னு இன்னொருத்தர் குரல். ஒரே உடம்பு, ரெண்டு தொண்டை.

இப்ப நம்ம படத்துக்கு வாங்க. தமிழ்ல சந்திரமுகி தெலுங்கு பேசுறா. விஜயநகரத்திலிருந்து வந்த நாட்டியக்காரி. இதே படம் தெலுங்குக்கு டப்பிங் ஆனப்போ அந்தக் கிளைமாக்ஸ் பாட்டு தமிழ்ல மாறிருச்சு. இந்தியில போனா மஞ்சுளிகா, வங்காளத்துக்காரி. இந்திப் பட அரண்மனையில வங்காளி பேசுறா.

பார்த்தீங்களா? ஒவ்வொரு ரீமேக்கும் பேயை எல்லை தாண்டி அந்தப் பக்கம் அனுப்பி வைக்குது. பேய் நம்ம பாஷை பேசாது. எப்பவும் பக்கத்து ஊர் பாஷைதான்.

எல்லையில வளர்ந்தவனுக்கு இது சும்மா ஒரு சினிமாத் தகவல் இல்ல. 2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு பிரச்சனை வெடிச்சப்போ, குமுளி வழி அடைபட்டு, கூட்டம் கூட்டமா ஆளுங்க தோட்டத்தை விட்டு இறங்கி வந்ததை நான் பார்த்திருக்கேன். நேத்து வரைக்கும் ஒரே அடுப்புல கஞ்சி காய்ச்சினவங்க, ஒரே வாரத்துல அந்தப் பக்கத்துக்காரன், இந்தப் பக்கத்துக்காரன் ஆயிட்டாங்க. நம்ம வீட்டுப் பொண்ணுக்குள்ள பயமுறுத்துற ஒண்ணு இருந்தா அது வேற பாஷைதான் பேசும்ங்கிற நினைப்பு, 'மணிச்சித்ரத்தாழு'ல ஒரு நுணுக்கமான விஷயம். அந்தப் பொண்ணு தனியா வளர்ந்தவ, அவளுக்குள்ள அடங்கிக் கிடந்தது வேற மொழியில வெளிய வருது. ரீமேக் ஆளுங்க அதைக் கவனமாக் காப்பாத்துனாங்க. ஹீரோ மாறலாம், பாட்டு மாறலாம், அரண்மனையில முப்பதடி பாம்பு வரலாம். அந்தப் பாம்பு எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை, அது வேற விஷயம். ஆனா ரெண்டு மொழி பேசுற ஒரே பொண்ணுங்கிற முதுகெலும்பு எல்லா ரீமேக்லயும் பத்திரமா இருந்துச்சு.

முன்னால கேட்டேனே, எது டிஸ்க், எது மெமரின்னு? ரஜினி, ஜோதிகா, வடிவேலு, வித்யாசாகர், இதெல்லாம் மெமரி. நம்ம மனசுல சூடா ஓடிட்டு இருக்கிறது. டிஸ்க்ல எழுதினது ஒரே ஒரு வரிதான்: அந்தப் பொண்ணுக்குப் பேய் பிடிக்கலை, அவளுக்கு உடம்பு சரியில்ல.

கோடாங்கியும் டாக்டரும்

எங்க தெருவுல ஒரு அக்கா இருந்தாங்க. பேரு வேண்டாம். ரெண்டாவது குழந்தை பிறந்த கொஞ்ச நாள்ல ராத்திரி தூக்கம் போச்சு. வேற குரல்ல பேச ஆரம்பிச்சாங்க. செத்துப்போன மாமியார் மாதிரி பேசுறாங்கன்னு வீட்டுல சொன்னாங்க. கோடாங்கி வந்தார், உடுக்கை அடிச்சார், வேப்பிலையால அடிச்சாங்க, எலுமிச்சம்பழம் நறுக்குனாங்க. வீட்டுக்கு வெளிய தெருவே நின்னு பார்த்துச்சு. அந்த அக்காவோட சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

அவங்க கொழுந்தன் லாரி ஓட்டுறவர். பெருசாப் படிக்காதவர். அவர்தான் ஒரு நாள் சொன்னார்: "இது அந்தச் சந்திரமுகி வியாதியா இருந்தா? டாக்டர்ட்ட காட்டிப் பார்ப்போமே." பெரியவங்க வைஞ்சாங்க. ஆனா அவர் விடலை. மனநல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாங்க. மாத்திரை, தூக்கம், மாசக்கணக்கா வைத்தியம். இப்ப அந்த அக்கா தையல் கடை வச்சிருக்காங்க. என் சட்டைக்குப் பட்டன் வச்சுத் தர்றது அவங்கதான்.

சினிமாதான் அவங்களைக் காப்பாத்துச்சுன்னு நான் கதை கட்ட மாட்டேன். காப்பாத்தினது அந்தக் கொழுந்தனும் டாக்டரும். தெருப் பசங்க அவங்களைச் சந்திரமுகின்னு கேலி பண்ணதும் அதே படத்தால வந்ததுதான். டாக்டருங்களைக் கேட்டா இன்னொண்ணும் சொல்லுவாங்க: படத்துல காட்டுற மாதிரி வேஷம் போட்டு, பொம்மையைக் கொளுத்தி, ஒரே ராத்திரியில எந்த மனநோயும் குணமாகாது. அதெல்லாம் சினிமா. ஆனா ஒரு விஷயத்துக்கு அந்தப் படம் நம்ம பாஷையில ஒரு பேரு கொடுத்துச்சு. "பேய் பிடிச்சிருக்கு"ங்கிற ஒரே வார்த்தை இருந்த இடத்துல, "ஒருவேளை வியாதியா இருக்குமோ"ன்னு ஒரு லாரி டிரைவர் வாயைத் திறக்கிறதுக்கு ஒரு வார்த்தை கிடைச்சது.

இது ஏன் முக்கியம்னா, அந்தக் காலகட்டத்தை நினைச்சுப் பாருங்க. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலம் பாதிச்சவங்களை வச்சிருந்த ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் செத்துப்போனாங்க. ஓடித் தப்பிக்க முடியலை, ஏன்னா அவங்களைச் சங்கிலியால கட்டி வச்சிருந்தாங்க. பேய் ஓடும், குணமாகும்னு சொந்தக்காரங்க நம்பிக் கொண்டுவந்து விட்ட ஊர் அது. அந்தத் தீக்கும் 'சந்திரமுகி'க்கும் நடுவுல நாலே வருஷம்தான். அந்த நாட்டுல, ரஜினிகாந்த் மாதிரி ஒருத்தர் திரையில நின்னு, இது பேய் இல்ல, மனசுக்கு வந்த நோய்னு எட்டு வயசுப் பயலுக்கும் எண்பது வயசுக் கிழவிக்கும் புரியுற மாதிரி சொன்னார்னா, அது சின்ன விஷயம் இல்ல. அதுவும் சாமியாரை அவமானப்படுத்தாம, அவரையும் கூட நிக்க வச்சுக்கிட்டுச் சொன்னார்.

'சந்திரமுகி 2' மாத்தினது அந்த வரியைத்தான். அதுல பேய் நிஜமாவே பேய். சந்திரமுகி ஆவியா வர்றா. ராஜா பக்கமும் ஆவி வருது. டாக்டருக்கு அங்க வேலையே இல்ல. பூஜையும் சண்டையும் போதும். இந்தியிலயும் இதே கதைதான். 2022-ல வந்த 'பூல் புலையா 2'ல நிஜப் பேய் வந்திருச்சு, படமும் நல்லா ஓடுச்சு.

இதை மாத்தினது வெளியாள் யாரும் இல்ல. அதே பி. வாசு. அவருக்கு இந்தக் கதையை விட மனசே வரலை. 2010-லயே கன்னடத்துல 'ஆப்தரக்ஷகா', தெலுங்குல 'நாகவல்லி'ன்னு ரெண்டு தடவை தொடர்ச்சி எடுத்துட்டார். எடுத்தவரே திரும்ப எடுத்தாலும் அந்த உயிர் வரும்னு கட்டாயம் இல்லங்கிறதுக்கு எங்க மாவட்டத்துலயே உதாரணம் இருக்கு. அல்லிநகரத்து பாரதிராஜா '16 வயதினிலே'வை அவரே இந்தியில 'சோல்வா சாவன்'னு எடுத்தார். அதே ஸ்ரீதேவி. தமிழ்ல சரித்திரம் ஆன கதை, அங்க எடுபடலை. மண்ணு மாறினா பயிரும் மாறும்.

லாரன்ஸ் பக்க நியாயம்

இந்த இடத்துல அந்தக் காலேஜ் தம்பி என்னை மடக்கினான். "அப்ப பேய் வந்தாலே தப்பாண்ணே? காஞ்சனாவுல பேய்தானே நியாயம் கேட்டுச்சு?"

நல்ல கேள்வி. 'காஞ்சனா'வுல சரத்குமார் நடிச்ச அந்தத் திருநங்கைக்கு, உயிரோட இருக்கும்போது கிடைக்காத நியாயம் பேயா வந்தப்புறம்தான் கிடைக்குது. தியேட்டர்ல குடும்பம் குடும்பமா உட்கார்ந்து ஒரு திருநங்கைக்காகக் கை தட்டினாங்க. நம்ம ஊர்ப் பேய்க்கு அப்படி ஒரு பழைய மரபு இருக்கு. அநியாயமாச் செத்த பொண்ணு சும்மா போக மாட்டா, திரும்பி வந்து கேட்பா. கேட்டு முடிச்சா தெய்வமாயிருவா. கம்பம் பள்ளத்தாக்குல எத்தனை தோட்டத்து ஓரத்துல அப்படிப்பட்ட கன்னி தெய்வங்களுக்குப் பொங்கல் வைக்கிறாங்க தெரியுமா? ஆக, பேய் வர்றது பிற்போக்குன்னு ஒரே போடாப் போட முடியாது.

ஆனா அந்தக் கணக்குலயும் பாருங்க, சந்திரமுகிக்கு ஒரு வழக்கு இருக்கு. காதலன் குணசேகரனைக் கொன்னு, அவளையும் உயிரோட எரிச்சவன் அந்த ராஜா. அவளை நிஜப் பேயாத்தான் கொண்டு வருவேன்னா, அவ வழக்கை நடத்தியிருக்கணும். காஞ்சனாவுக்குக் கிடைச்ச நேரம் இவளுக்குக் கிடைச்சிருக்கணும். இங்க கதை, ராஜாவுக்கும் அவரோட தளபதிக்கும் நடந்த போட்டிக்குத் திரும்பிருச்சு. டாக்டர் கையிலயும் இல்லாம, தெய்வமாவும் ஆகாம, அந்தப் பொண்ணு நடுவுல நிக்கிறா. எனக்கு இருக்கிற வருத்தம் அதுதான். ரஜினி இல்லைங்கிறதோ, கிராஃபிக்ஸ் சரியில்லைங்கிறதோ இல்ல.

வடிவேலு பத்தி ஒரு வார்த்தை. அந்த வருஷம் ஜூன்லதான் 'மாமன்னன்' வந்துச்சு. மலை மேல நின்னு அழுத அந்த மனுஷனைப் பார்த்துட்டு, மூணே மாசத்துல திரும்ப முருகேசனா, பயந்து ஓடுறவராப் பார்க்கிறோம். 2005-ல பேய் இருக்கா இல்லையான்னு அவர் கேட்டுக் கேட்டு நடுங்கினப்போ விழுந்து விழுந்து சிரிச்சோம். 2023-ல அவ்ளோ வரலைன்னா அது அவர் குறை மட்டும் இல்ல. அவர் இன்னொரு உயரத்துக்குப் போயிட்டார், நாம பழைய இடத்துக்கு அவரை இறங்கி வரச் சொல்றோம்.

அப்ப என்னதான் பண்றது?

2024-ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஏப்ரல்ல 'கில்லி' திரும்ப ரிலீஸ் ஆகி தியேட்டர் அதிர்ந்துச்சு. ஆகஸ்ட்ல 'மணிச்சித்ரத்தாழு' 4கே-யில திரும்ப வந்துச்சு. முப்பது வயசைத் தாண்டின படம். ஒரு சீன் புதுசா எடுக்கலை, புது ஹீரோ இல்ல. தூசி மட்டும் துடைச்சு வச்சாங்க.

நான் அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன், உங்க படம் திரும்ப வந்திருக்கு, குமுளிப் பக்கம் எங்கயாவது ஓடினா கூட்டிட்டுப் போறேன்னு. அத்தை கேட்டாங்க: "எதுக்குடா? எனக்குத்தான் மறக்கலையே."

என் எஸ்டேட்டு நண்பனுக்கு நான் சொல்ல வந்ததும் கிட்டத்தட்ட அதுதான். அந்த பஸ்ஸை யாராலயும் கெடுக்க முடியாது, அது உன் கையில இருக்கு. '2' வந்தாலும் '3' வந்தாலும் பழைய படம் அங்கேயேதான் இருக்கும். அதனால "என் சின்ன வயசு போச்சு"ன்னு அழுறதை விடலாம். "பழைய ஆள் மாதிரி இல்ல"ங்கிறதையும் விடலாம், அதுக்கு அத்தை பதில் சொல்லிட்டாங்க.

மூணாவதா ஒரு புகார் இருக்கு. அதை மட்டும் விடாதீங்க. ஒரு கதை ஊருக்குச் சொன்ன நல்ல விஷயத்தை, அதே பேரு வச்ச இன்னொரு படம் சத்தமில்லாம அழிச்சா, அங்க குரல் கொடுங்க. ஏன்னா இன்னைக்கு எட்டு வயசுப் பிள்ளைக்கு முதல்ல கண்ணுல படுறது '2'ஆகக்கூட இருக்கலாம். அதுக்கு அதுதான் ஒரிஜினல். நாளைக்கு அது தெருவுல ஒரு அக்கா தூக்கம் இல்லாம வேற குரல்ல பேசுனா, அந்தப் பிள்ளை வாயில வர்ற வார்த்தை எது? "டாக்டர்ட்ட போவோமா"வா, "கோடாங்கியைக் கூப்பிடு"வா?

வீட்டுல தம்பி, தங்கச்சி, அக்கா பிள்ளைங்க இருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை 2005 படத்தைப் போட்டுக் காட்டுங்க. பாம்பு எதுக்குன்னு அதுங்க கேட்கும், தெரியாதுன்னு சொல்லிருங்க. கங்காவுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா மட்டும் விளக்கமா பதில் சொல்லுங்க.

உங்க வீட்டுல எது முதல் சந்திரமுகி, நாகவல்லியா, மஞ்சுளிகாவா, எந்த ஊர் தியேட்டர்ல பார்த்தீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.